யானையை எங்கே வைப்பது

கம்ப்யூட்டருக்குள்ளிருந்து மறுபடியும் அந்தச் சத்தம் வந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்து நகம் வெட்டுவது போல, டிக், டிக். தமிழ்மதி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். சத்தம் நின்றது. கையை வைத்தாள். டிக்.

உள்ளே ஆயிரத்து நூற்று நாற்பது படங்கள் இருந்தன. எல்லாம் குழந்தைகளின் பனியனில் அச்சடிக்க அவள் வரைந்தவை. வேலம்பாளையத்து வீட்டின் முன்னறையில் அவள் வரைவாள். ஃபைலை சிடியில் ஏற்றி அப்பா கன்னையனிடம் கொடுப்பாள். அவர் அதை வெளியே கொண்டுபோய் அச்சுக்கான பிலிம் எடுத்து வந்து பின்கட்டு ஷெட்டில் அச்சடிப்பார். அடுத்த படத்துக்கு அதே சிடியை அழித்து எழுதுவாள். மூன்று வருடமாக ஒரே சிடி.

எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து போன் வந்திருந்தது. பனியன் வாங்கும் ஜெர்மனிக்காரர்கள் பழைய படங்களையே திரும்பக் கேட்கப் போகிறார்களாம். எவை என்று அடுத்த வெள்ளிக்கிழமை சொல்வார்கள். சனிக்கிழமை ஃபைல் போகாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

ஆர்டர் போனால் மதி ஏதாவது கம்பெனி ஆபீசுக்கு வேலைக்குப் போக வேண்டும். அங்கே நாள் முழுக்க போனில் பேச வேண்டும். கேஸ் சிலிண்டர்காரரிடம் பேசுவதற்கே மனதுக்குள் இரண்டு முறை ஒத்திகை பார்க்கிறவள் அவள்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் ஜெபக்குமார் வந்தான். நாசரேத் பக்கத்துக்காரன். டாக்டரைப் போலப் பெட்டியின் மேல் காதை வைத்தான்.

“அக்கா, ஹார்ட் டிஸ்க் போகப் போவுது. இன்னைக்கோ, அடுத்த வருசமோ. கர்த்தருக்குத்தான் தெரியும்.”

“பென் டிரைவ்ல எடுத்து வெச்சுக்கலாங்களா?”

“ஒரு படம் எவ்வளவு இருக்கும்?”

“யானைப் படம் எம்பது எம்பிங்க.”

“அப்ப பென் டிரைவ்ல பன்னெண்டு யானைதான் நிக்கும். மிச்ச மிருகத்தை எங்க கட்டுவீங்க?” அவன் ஒரு விளம்பரத் தாளை நீட்டினான். “நெட்வொர்க் பெட்டி. உள்ள ரெண்டு டிஸ்க். ஒண்ணுல எழுதினா அதே நொடியில இன்னொண்ணுலயும் எழுதிரும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு நிக்கும். வீட்டுல உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்ல இருந்தும் எடுத்துக்கிடலாம்.”

“ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்குதுங்க.”

“பின்னால வாங்குவீங்கல்லா.”

கன்னையன் கையில் மசியோடு வந்து எட்டிப் பார்த்தார். “பொம்மையை வெக்கறதுக்கு ஒரு பொட்டிங்களா? இந்த விலைக்கு நான் இன்னொரு பிரிண்டிங் டேபிள் போட்ருவனே.”

ஆனாலும் வாங்கித் தந்தார்.

பெட்டி வந்தது. ரொட்டி அளவுதான் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் இரண்டு பச்சை விளக்குகள் கண் விழித்தன. மதி பிஎஸ்ஸி இயற்பியல். டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு முறை சுற்றும் என்பதும், தலைமயிரை விட மெல்லிய இடைவெளியில் ஊசி அதன் மேல் பறக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள். அந்தப் பறத்தல் இப்போது தன் வீட்டில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் நடக்கிறது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். டீ ஆறிப்போனது.

முதலில் கரண்ட் கட் வந்து நகல் எடுப்பது பாதியில் நின்றது. யுபிஎஸ் வாங்கினார்கள். அது நிமிடத்துக்கு ஒருமுறை கத்தியதே தவிர, கரண்ட் போனால் தாங்கவில்லை. ஜெபக்குமார் பெரிய பேட்டரி மாட்டினான். மறுபடி முதலிலிருந்து நகல் ஓடத் தொடங்கியது. பத்து மணி நேரம் ஆகும் என்றது திரை. குளித்துவிட்டு வரலாம் என்று மதி போனாள்.

அன்றைக்கு ஆயுத பூஜை.

திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அவளுடைய அம்மா நல்லம்மாள் ஈரத் துணியோடு நின்றிருந்தாள். கம்ப்யூட்டர், நெட்வொர்க் பெட்டி, யுபிஎஸ் மூன்றும் கழற்றித் துடைக்கப்பட்டு, சாமி படத்துக்கு முன்னால் மிக்சிக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. காற்றுப் போகிற ஓட்டைகளை எல்லாம் பார்த்துப் பார்த்துச் சந்தனத்தால் நிரப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தாள்.

“அம்மா, அது ஓடிட்டு இருந்துச்சும்மா.”

“இன்னைக்கு எதுவும் ஓடக் கூடாது கண்ணு. உங்கப்பன் டேபிள் ஓஞ்சிருக்குது, தையல் மெசின் ஓஞ்சிருக்குது. உன்ற பொட்டிக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?”

மறுநாள் நல்ல நேரம் பார்த்துச் சுவிட்சைப் போட்டார்கள். நாலு வருடமாக ஓடித் தேய்ந்த பழைய டிஸ்க், ஒரு நாள் ஓய்வின் ருசி கண்டுவிட்டது. மறுபடி சுற்றவில்லை. நெட்வொர்க் பெட்டியில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

ஜெபக்குமார் ஓடி வந்து, தன் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தான். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி நின்றது. டிஸ்குகளைப் புதிதாகத் தயார் செய்யட்டுமா?

“ஆமான்னு குடுத்தாத்தான் உள்ள விடும் போலுக்கு. பாதிப் படமாவது இருக்கும்லா,” என்றபடி அழுத்தினான்.

விளக்குகள் பச்சையாயின. உள்ளே ஒன்றும் இல்லை.

“ரெண்டுலயுமே போச்சுங்களா?”

“ரெண்டுலயுமேதான். அதே நொடியில.” அவன் குரலிலும் ஒரு பிரமிப்பு இருந்தது. “நான் சொன்னேம்லா அக்கா. அவ்வளவு கரெக்டான மிசினு.”

பழைய டிஸ்கைக் குளிரில் வைத்தால் ஒருமுறையாவது சுற்றும் என்று அவன் எங்கோ படித்திருந்தான். பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தார்கள். மூன்று மணி நேரம் கரண்ட் போனது. கவருக்குள் தண்ணீர் நின்றது. கோயம்புத்தூரில் சரிசெய்கிற இடத்துக்கு எடுத்துப் போனான். அவர்கள் குலுக்கிப் பார்த்துவிட்டு, “எதுக்குங்க இதைக் குளிப்பாட்டினீங்க?” என்று கேட்டார்களாம்.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து போன் வந்தது. முப்பத்தொரு படங்கள் வேண்டுமாம். முதலில் குடை பிடித்த யானை. மதி எல்லாவற்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்று சொல்லிவிட்டு, போனை வைத்தபின் ஷெட்டுக்குப் போய் அழுதாள்.

கன்னையன் தலை நிமிரவில்லை. காலியான டேபிளில், மசி இழுக்கும் கட்டையை மசி இல்லாமலே தேய்த்துக்கொண்டிருந்தார்.

“காதர்பேட்டைக்கு ஒரு எட்டு போயிட்டு வா, கண்ணு.”

“அங்க எதுக்குங்கப்பா?”

“வெள்ளியங்கிரி கடைன்னு கேளு. யானை வேணும்னு சொல்லு.”

“நீங்களும் வாங்கப்பா.”

“எனக்கு வேலை கெடக்குது.”

அவள் அதுவரை காதர்பேட்டை பனியன் சந்தைக்குள் போனதில்லை. சந்து திரும்பியதும் நின்றுவிட்டாள்.

கடை வாசல்களில் அவளுடைய யானைகள் தொங்கின. பச்சைக் குடை, மஞ்சள் குடை, குடையே இல்லாமல் ஒன்று. எதிர்க் கடையில் அவளுடைய மீன்கள். தாண்டினால் சைக்கிள் ஓட்டும் கரடி. இந்தியில் விலை பேசியபடி ஒருவர் அவளுடைய ஒட்டகச்சிவிங்கிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் தான் வரைந்ததை எல்லாம் இப்படி ஒரே இடத்தில், காற்றில் ஆடும்படி அவள் பார்த்ததே இல்லை. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தாள்.

வெள்ளியங்கிரிக்கு ஐம்பது வயது இருக்கும். கன்னையன் மகள் என்று தொடங்கி, அவள் ஒத்திகை பார்த்து வைத்த வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள், “உக்காருங்க அம்மிணி. எந்த யானைங்க?” என்றார்.

கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். வருட வாரியாக, மாத வாரியாக அடுக்கியிருந்தது. அவளே இவ்வளவு ஒழுங்காக வைத்ததில்லை. எண்ணிக்கையைப் பார்த்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது.

“எல்லாமே இருக்குதுங்களா?”

“இங்க அழிஞ்சா பக்கத்துக் கடையில இருக்குதுங்க. அங்கயும் போனா எதுத்தாப்புல. நாப்பது கடைங்க. எங்க போயிரும்?”

மதி எண்ணிக்கையை மறுபடி பார்த்தாள். யானை கிடைத்துவிட்டது. நாளைக்கு ஃபைல் போய்விடும். யாரோடும் போனில் பேச வேண்டாம். பேசாமல் வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒத்திகை பார்க்காமல் ஒரு கேள்வி வாயில் வந்துவிட்டது.

“இதையெல்லாம் யாருங்க உங்களுக்குத் திருடி வித்தாங்க?”

வெள்ளியங்கிரி கூரையைப் பார்த்தார். மூலையில் பனியன் மடித்துக்கொண்டிருந்த கடை வேலையாள் மருதாள்தான், கையை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

“விக்கறதாவது கண்ணு, ஒவ்வொரு படம் முடியறப்பவும் உங்கப்பாதான் சிடியோட கடைகடையா ஏறி, ‘எம்புள்ள வரஞ்சது, சும்மா வெச்சுக்குங்க’ன்னு குடுத்துட்டுப் போவாரு.”