பிளான் நைனாவும் கடைசி ரீலும்

பூட்டுத் திறப்பதைப் பற்றிப் பிளான் நைனாவுக்குத் தெரிந்த அளவு சென்னை ராஜதானியில் எந்தத் திருடனுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மனிதர் அடுத்தவர் மரத்தில் ஒரு வேப்பங்குச்சியைக்கூடக் கேட்காமல் ஒடித்ததில்லை.

அது யுத்த காலம். நான் திருத்தணி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. நைனா, ராஜம்மாவின் டூரிங் கொட்டகைக்கு விளம்பரக்காரர். மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தமுக்கடித்து, கே.ஜி.கண்டிகை வரை நோட்டீஸ் வீசிவிட்டு வருவார்.

அவருக்குப் பிடித்த சினிமா ஒரே வகைதான். நல்லவர்கள் நாலு பேர் கூடி, கத்தி ரத்தம் இல்லாமல், பிள்ளை குட்டிகள் சிரிக்கச் சிரிக்க எதையாவது களவாட வேண்டும். புராணப் படம் என்றால் மணலில் துண்டை விரித்துத் தூங்கிவிடுவார். திருட்டுக் காட்சி வந்தால் முட்டி போட்டு எழுந்து திரைக்குள் இருப்பவனுக்கு யோசனை சொல்வார்.

"அந்தாண்ட போவாதடா. காவக்காரன் சுருட்டு பத்த வெச்சிகினு நிக்கிறான்."

அவன் போய் மாட்டிக்கொள்வான். "சொன்னா கேக்கறானா பாரு" என்று எங்களிடம் வருத்தப்படுவார். மறுநாள் அதே காட்சிக்கு அதே யோசனையை, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்வார்.

ஒருநாள் நேரே தாலுகா ஆபீசுக்குப் போய், "கஜானா ரூம்ல மூணாவது ஜன்னல் கம்பி ஆடுதுங்க. ரெண்டு ஆளு, ஒரு கயிறு இருந்தா போதும்" என்று பொறுப்பாகத் தெரிவித்தார். கம்பியைச் சரி செய்தார்கள். கூடவே ஒரு சேவகனையும் போட்டார்கள், நைனாவைக் கவனிக்க. "திருடறதுதான் தப்பு. பிளான் போடறது தப்பில்லீங்களே" என்று ஒரு வாரம் புலம்பினார்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு ராஜம்மா ஒரு படத்தை வாடகைக்கு எடுத்தாள். ஒரு சமையல்காரனும் நாவிதனும் வண்ணானும் சேர்ந்து, ஓர் ஏழைப் பெண்ணிடமிருந்து ஜமீன்தார் ஏமாற்றி வாங்கிய வீட்டுப் பத்திரத்தை அவருடைய இரும்புப் பெட்டியிலிருந்து எடுக்கப் பார்க்கும் கதை. நைனா தமுக்குக் கிழியும்படி விளம்பரம் செய்தார். காவடிக் கூட்டம் முழுக்கக் கொட்டகைக்கு வரும் என்று பேச்சு.

கிருத்திகையன்று காலை, மணவூர்க் கொட்டகையில் ஓடி முடிந்த அந்தப் படம் பார்சலில் வந்தது. டப்பாக்களை எண்ணினால் ஒன்று குறைந்தது. கடைசி ரீல் இல்லை.

ராஜம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "போன மாசம் பாதியில மிஷின் நின்னதுக்கே கீத்தெல்லாம் பிச்சாங்க. இன்னிக்கு முடிவு இல்லன்னா கொட்டாயே மிஞ்சாது நைனா. நான் மூட்டைய கட்டினு போவ வேண்டியதுதான்."

"மணவூர் மேனேஜருதான் வேணும்னே எடுத்து வெச்சிகினு இருக்கான்" என்றார் நைனா. அவர் முகத்தில் கவலையைவிடப் பரவசம்தான் அதிகம் தெரிந்தது. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த வேலை வந்துவிட்டது.

பிளான் தயாரானது. ராஜம்மா பலகாரம் போட்டு வைக்கும் பழைய ரீல் டப்பா ஒன்றில், கனம் தெரியவேண்டும் என்று முறுக்கை நிரப்பினார். கொட்டகைச் சோதனைக்கு வந்த அதிகாரியாக நடிப்பார். அசலை எடுத்துவிட்டு முறுக்கை வைத்துவிடுவார். வாசலில் நின்று, யாராவது வந்தால் இருமுவது என் வேலை. லீவு போட்டுவிட்டு அவரோடு பாசஞ்சர் ஏறினேன். கடன் வாங்கிய கோட்டில் நைனா வியர்த்துக் கொட்டினார்.

மணவூர் மேனேஜர் எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார். "வாங்க நைனா. ஒரு டப்பா மேசைக்கு அடியில தங்கிடுச்சு. யார்கிட்ட குடுத்தனுப்பறதுன்னு காலையிலேர்ந்து தவிச்சிகினு இருக்கேன். எடுத்துகினு போங்க."

நைனாவின் முகம் சுருங்கிப்போனது. பந்தியில் இலை போட்டபின் எழுப்பிவிட்ட மாதிரி நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மேனேஜர் ஐயா, ஒரு ஒத்தாசை. கொஞ்ச நேரம் கண்ண மூடிகினு இருக்கீங்களா?"

"எதுக்கு?"

"திருடிக்கறேன்."

அந்த மேனேஜர் தங்கமான மனுஷர். "ஆங், சரி" என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றேன். உள்ளே டப்பா உரசும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து நைனாவின் குரல்: "மொத தபா கை நடுங்கிடுச்சு. இன்னொரு தபா பண்ணிக்கறேன், கண்ணத் தொறக்காதீங்க." மறுபடி உரசும் சத்தம். நைனா வெளியே வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது.

முதல் ஆட்டத்துக்கு உட்கார இடமில்லை. ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இரும்புப் பெட்டி திறக்கும் நேரத்தில் ரீல் முடிந்தது. ஆபரேட்டர் கடைசி டப்பாவைத் திறந்தார். முறுக்கு.

ஒரு தடவை மாற்றினால் ரீல் கைக்கு வரும். இரண்டாம் தடவை மாற்றினால் முறுக்கு திரும்பி வரும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நைனாவுக்கும்.

சீட்டி பறந்தது. யாரோ மூங்கிலைப் பிடித்து உலுக்கினார்கள். ராஜம்மா அழ ஆரம்பித்தாள். அவள் அழுவதைப் பார்த்த நைனா, கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"பொட்டி தொறந்துகிச்சுங்க" என்றார்.

கூட்டம் அடங்கியது. அவரே சமையல்காரன், அவரே நாவிதன், அவரே வண்ணான். மூவரும் பெட்டிக்குள் தலை விட்டுச் சிக்கிக்கொண்டார்கள். ஜமீன்தாராக வந்து நைனா அழுதார்: "சாவி தொலைஞ்சி இருவது வருஷம் ஆச்சுடா. உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்கே தெரியாது. தொறந்து குடுத்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்." அவரே பத்திரத்தை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காவடி எடுத்து வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள். கொட்டகை பிழைத்தது.

மறுநாள் மணவூரிலிருந்து அசல் ரீல் வந்தது. அதில் போலீஸ்காரர் வந்து நல்லொழுக்கம் பற்றி நீளமாகப் பேசுகிறார். பாதிப் பேச்சில் கண்டிகைக்காரர் ஒருவர் எழுந்து, "இத நிறுத்திட்டு நைனாவ கூப்புடுங்க" என்றார். கொட்டகையே ஒத்துக்கொண்டது. படம் இருந்த பத்து நாளும் நைனாதான் கடைசி ரீல்.

நைனா போய்ப் பல வருஷமாகிறது. இன்றும் அந்த மாதிரிப் படம் பார்க்கப் போனால், முடிவதற்குச் சற்று முன்பே நான் எழுந்து வந்துவிடுகிறேன். அவர் எப்படி முடித்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே நடந்தால், வீடு வரும்வரை துணைக்கு ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.