ஊசி போடுமுன் நான் கேட்ட கேள்வி

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு நோய் வரக்கூடாது. வந்தாலும் பெண் வீட்டாருக்குத் தெரியக்கூடாது. எனக்கோ நோயே இல்லை. ஆனாலும் கலியாணத்துக்கு நாள் குறித்திருந்த நேரத்தில், வருங்கால மாமனாருக்குப் பக்கத்திலேயே கொழும்பு ஆஸ்பத்திரிக் கதிரையில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணனுக்கு, நாங்கள் கூப்பிடும் முறையில் காக்காவுக்கு, இரத்தப் புற்றுநோய். யுத்தம் முடிந்து, கல்முனையிலிருந்து பயமில்லாமல் கொழும்புக்கு பஸ் ஏறத் தொடங்கியிருந்த காலம். புது இரத்தம் ஊறவைக்கும் என் அணுக்கள்தான் அவருக்குப் பொருந்தின. அவற்றை எலும்புக்குள்ளிருந்து இரத்தத்துக்கு இறக்க, சில நாட்கள் எனக்கு ஊசி போட வேண்டும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று என் சட்டைக் கொலரை விடாமல் இழுத்து வந்தவர் காக்கா. எத்தனை ஊசி என்றாலும் சரி என்றிருந்தேன். (தனியாக யோசிக்கும்போது வேறு கதை.)

நான் கட்டவிருந்த றிஸ்னா, காக்காவின் மனைவியான எங்கள் மதினியின் தங்கை. என் மூளை அங்கேதான் சிக்கியது. என் இரத்தம் ஓடினால் காக்கா பாதி நான். அப்படியென்றால் நான் மதினிக்குப் பாதி மாப்பிள்ளை. அக்கா தங்கை இருவரையும் ஒருவர் ஒரே நேரத்தில் கலியாணம் முடிப்பது மார்க்கம் விலக்கிய ஹறாம் ஆயிற்றே! (மார்க்கம் படித்த யாரிடமாவது முன்பே கேட்டிருக்கலாம். வெட்கம்.)

சந்தேகம் ஏதுமுண்டா என்று டொக்டர் கேட்டார். மாமா, மதினி, றிஸ்னா எல்லோரும் இருக்க, அதைக் கேட்டுத் தொலைத்தேன். மதினி முக்காட்டால் முகத்தை மூடினார். மாமா சுவரைப் பார்த்தார். இரத்தம் கொடுத்து யாரும் யாருக்கும் மாப்பிள்ளையாவதில்லை என்று டொக்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னார்.

கேட்க வேண்டியதைக் கேட்டது றிஸ்னாதான்.

"இந்த ஊசியால நாள் போய் மறுகா இவருக்கும் அந்தப் புற்றுநோய் வருத்தம் வருமா? பொறக்கிற புள்ளைகளுக்கு?"

டொக்டர் ஒளிக்கவில்லை. ஊசி மரபணுவைக் கெடுத்துவிடுமோ என்ற பயம் முன்பு இருந்ததாம். கொடுத்தவர்களைத் தொடர்ந்து பார்த்ததில் அப்படி ஒன்றும் காணவில்லையாம். பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் என்பதற்கும் ஆதாரமில்லையாம். ஆனாலும் சத்தியம் பண்ணித் தர ஏலாது, வருஷாவருஷம் வந்து இரத்தம் சோதிக்க வேண்டும் என்றார்.

மாமாவின் முகம் இருண்டது. பாவம், மூத்த மகளின் மாப்பிள்ளை பிழைக்க இளைய மகளின் மாப்பிள்ளைக்கு ஊசி. கலியாணம் நின்றது என்றே நினைத்தேன்.

"வாப்பா, ஒண்டும் யோசிக்காதீங்க," என்றாள் றிஸ்னா. "மறுகா ஏதும் வந்தா இவர நான் பார்த்துக்குவன். இப்ப அக்காட மாப்புள பொழைக்கணும்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. (ஊசி போட்டபின் இடுப்பெலும்பு உளைந்து அழுதது வேறு.)

காக்கா பிழைத்துக்கொண்டார். அவரோடு கோபம் வந்தால் மதினி எனக்குப் போன் கோல் எடுத்து, "உங்கட பாதிய வந்து கூட்டிட்டுப் போங்க," என்பார். என் வருடாந்தச் சோதனை முடிவை மட்டும் காக்கா யாரிடமும் விடமாட்டார், தானே போய் வாங்குவார். பார்த்து முடியும்வரை அவர் உதடு துஆ ஓதி அசையும். பிறகு என்னைத் திரும்பியும் பார்க்காமல் றிஸ்னாவிடம் சொல்வார்:

"உன்ட பாதியும் சுகமாத்தான் இரிக்கி, புள்ள."