முந்தைய மன்னரின் துரு

காலை ஏழரை மணிக்கு, கடலோர நாடான உப்பூரத்தில், வாடகைக் கார் ஓட்டும் செண்பகவல்லி தன் காரின் தரைத்தகட்டில் காசளவு துருவைப் பார்த்தாள். அந்தக் காரை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. நேரே டிங்கரிங் பட்டறைக்குப் போனாள்.

"சுரண்டிட்டு ஒரு துண்டுத் தகடு வெச்சு வெல்டு அடிச்சாப் போதும்க்கா," என்றான் பட்டறைக்கார யாக்கோபு. "ஆனா சுரண்டுறதுக்கு வண்ண அமைச்சகத்துல அனுமதி வாங்கணும்."

அமைச்சகத்தில் பச்சைத் துண்டு போட்ட அதிகாரி குனிந்து பார்த்தார்.

"இது முந்தைய மன்னரின் துரு, அம்மா. சுரண்டினால் சாட்சியம் அழிந்துவிடும்."

"பரவுதுங்களே ஐயா."

"பரவட்டும். அவர் குற்றமும் பெரிதாகும்."

துருவின் மேலேயே பச்சை பூசி அனுப்பினார்கள். இலவசம்தான். உப்பூரத்தில் மன்னரை வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். வென்றவர் எல்லாக் கார்களுக்கும் தன் நிறத்தைப் பூசுவார். அடுத்த தேர்தலில் நீலம் வென்றது. அதே அதிகாரி, நீலத் துண்டோடு, அதே இடத்தில் குனிந்தார். பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்குப் பொங்கியிருந்தது.

"பச்சை மன்னரின் துரு. தொடாதீர்கள்."

ஊரில் கார்க் கதவுகள் கழன்று விழத் தொடங்கின. கதவை அறைந்து சாத்துவது தேசத்துரோகம் என்று சட்டம் வந்தது. தரைத்தகடுகள் தொய்ந்தன. கனத்த உடம்புக்காரர்கள் காரில் ஏறக்கூடாது என்று சட்டம் வந்தது. செண்பகவல்லிக்கு ஒல்லியான சவாரிகள்தான் மிஞ்சின. அவர்களும் எடைக்கேற்ற வாடகைதான் தருவோம் என்றார்கள்.

பிறகு துருவே இல்லாத நாடு என்று விழா எடுத்தார்கள். மன்னரின் ஊர்வலத்துக்கு நாட்டிலேயே அதிகம் பளபளக்கும் காரைத் தேடினார்கள். பூச்சு மேல் பூச்சு ஏறிய செண்பகவல்லியின் கார் அகப்பட்டது.

"மன்னர் கொஞ்சம் கனமாச்சுங்களே ஐயா. சட்டம் இருக்கே."

"சட்டம் போட்டவரே அவர்தானே, அம்மா," என்றார் அதிகாரி.

மன்னர் பின்னிருக்கையில் அமர்ந்தார். ஜன்னல் வழியே கையசைப்பதற்காகக் காலை அழுத்தி ஊன்றினார். தரைத்தகடு அப்பளமாக நொறுங்கியது. அரச பாதங்கள் இரண்டும் தார்ச்சாலையில் நின்றன.

அதிகாரி ஒலிபெருக்கியில் முழங்கினார். "பாருங்கள்! மக்களோடு மக்களாக மன்னர் நடந்தே வருகிறார்!"

கூட்டம் கைதட்டியது. மன்னர் புன்னகையை விடாமல், "எல்லாம் பச்சையின் சதி," என்று முணுமுணுத்தார்.

செண்பகவல்லி கியரைப் போட்டாள். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வண்டிய எடுக்கப்போறேன் மன்னரய்யா. மெதுவாப் போகவா, வேகமாவா?"