மூன்று கிணறுகளைக் குடித்தவன்

என்னுடைய விசிட்டிங் கார்டில் "நீர் முதலீட்டு நிபுணர்" என்று அச்சடித்திருக்கிறது. அப்படியென்றால் என்ன என்று என் சொந்த மாமியாருக்கே இன்னும் விளங்கவில்லை. ("மருமோன் தண்ணிக் கொம்பனியில வேலை" என்று ஊருக்குச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறா.) விளக்கம் சுலபம். ஒரு பக்கம் கடன் கொடுக்கத் துடிக்கும் வெளிநாட்டு வங்கி, மறுபக்கம் குழாய்க்குக் காத்திருக்கும் சனம். நடுவில் நின்று, இந்தச் சனத்துக்கு நல்ல தண்ணீர் இல்லை என்று தாளில் நிரூபிப்பவன் நான். அந்த இடத்தில் போய் நின்றால் அது எருமைக்கும் தெரியும். ஆனால் எருமையின் கையெழுத்தை வங்கி ஏற்றுக்கொள்வதில்லை.

பயிற்சிப் பட்டறைகளில் இளசுகள் என்னிடம், "சேர், இந்தத் துறைக்குள் எப்படி வந்தீர்கள்?" என்று கேட்பார்கள். "சமூக அக்கறை" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். சுத்தப் பொய். நான் இந்தத் துறையில் நிலைத்ததற்கு ஒரே காரணம், எனக்கு வயிற்றால் போனது.

யுத்த காலம். எனக்கு இருபத்துநாலு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் அக்கா வீட்டில், பொலிஸ் பதிவுத் துண்டில் மூன்றாவது ஆளாக இருந்தேன். வேலை பாமன்கடையில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இயங்கிய சின்ன ஆலோசனை நிறுவனத்தில். அதன் முதலாளி நஸீர் சேர். தங்கமான மனுஷன், ஆனால் எந்தக் கேள்விக்கும் "தெரியாது" என்ற பதில் அவருடைய வாயில் வந்ததே இல்லை. இது பிறகு முக்கியமாகும்.

வெளிநாட்டு வங்கியின் குழு ஒன்று வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்துக்கு வருவதாக இருந்தது. குழாய் போட வேண்டிய சந்து ஒழுங்கைகளின் பட்டியலை அன்று முடிவாக்குவார்கள். ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஓர் ஆய்வுகூட அறிக்கை வேண்டும். அறிக்கை இல்லாத ஒழுங்கை பட்டியலில் இல்லை. அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டால் நஸீர் சேர் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு வருஷம் சொன்னார். எல்லாம் வந்துவிட்டது, மட்டக்குளியில் ஒரே ஓர் ஒழுங்கையைத் தவிர. திங்கள் நண்பகலுக்குள் மாதிரியைக் கொடுத்தால் வெள்ளி காலை அறிக்கை தருவதாக ஆய்வுகூடம் சொன்னது. அலுவலக வான் கராஜில் கிடந்தது. "பஸ்ஸில போய் எடுத்துட்டு வாறேன் சேர்" என்று நெஞ்சை நிமிர்த்தியவன் நான்தான். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை.

அந்த ஒழுங்கையில் நாற்பது வீடு, மூன்று கிணறு, நினைத்தபோது வந்து போகும் ஒரு தண்ணீர் பவுசர் லொறி. நலன்புரிச் சங்கச் செயலாளர் சரோஜா அக்கா. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து கார்மென்ட் தொழிற்சாலையில் வேலை செய்பவர். எனக்காக அன்று அரை நாள் லீவு போட்டிருந்தார்.

"போன வருஷமும் ஒருத்தர் வந்து எழுதிக்கிட்டுப் போனாரு தம்பி. அதுக்கு முந்தின வருஷமும். நல்லாத்தான் எழுதுறாங்க" என்றார்.

"இந்த முறை அறிவியல் ரீதியா செய்யிறம் அக்கா" என்றேன். (மூஞ்சையைப் பார்!)

"என் சின்னவ போன மாசம் ஒரு கிழமை ஆஸ்பத்திரியில கெடந்தா. அதையும் எழுதிக்கோங்க."

எழுதினேன். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. "சம்பவங்கள்: 1" என்று போட்டேன்.

கிணற்றுக்கு ஒன்றாக மூன்று போத்தல் நிரப்பி, ஏ, பி, சி என்று சிவப்பு மையில் பெயர் ஒட்டி, எடுத்த நேரத்தையும் பெரிதாக எழுதி மூடிகளை முத்திரையிட்டேன். எல்லாவற்றையும் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்து, சுற்றிவர டேப் ஒட்டினேன். புறப்படும்போது சரோஜா அக்கா ஒரு கிளாஸில் ஆவி பறக்கப் பிளேன்டீ கொண்டு வந்து நீட்டினார்.

"வேண்டாமக்கா. நான் வெளியில தண்ணி குடிக்கிறதில்ல."

"இது தண்ணி இல்ல தம்பி. டீ."

"எண்டாலும்..." என்று இழுத்து, தண்ணீரின் தரம் பற்றி இரண்டு நிமிடம் பாடம் எடுத்தேன். அந்த ஒழுங்கையிலேயே கொதிக்க வைத்த ஒரே பொருள் அந்தக் கிளாஸில்தான் இருந்தது என்பது அப்போது என் அறிவுக்கு எட்டவில்லை. அவர் கிளாஸை உள்ளே கொண்டுபோனார். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் சோதனைச் சாவடி. எல்லோரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், மடியில் சுற்றிவர டேப் ஒட்டிய பெட்டி. நான் இறங்கியதும் எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் மரியாதையாக விலகி எனக்கு நிறைய இடம் விட்டார்கள்.

சிப்பாய்க்கும் என் வயதுதான் இருக்கும். பெட்டியைத் திறக்கச் சொன்னான். ஐஸ், மூன்று போத்தல், சிவப்பு எழுத்து. ஏ போத்தலில் "10.40" என்று எழுதியிருந்ததைக் கண்டதும் அவன் முகம் மாறியது. பத்து நாற்பதுக்கு என்ன நடக்கும் என்று சிங்களத்தில் கேட்டான். பிறகு தன் மணிக்கூட்டைப் பார்த்தான். பதினொன்றே கால். எது நடப்பதாக இருந்தாலும் நடந்து முடிந்துவிட்டது என்று தெரிந்து கொஞ்சம் ஆறுதலடைந்தான்.

"லிந்தே வத்துர" என்றேன். கிணற்றுத் தண்ணீர். என் சிங்களம் மொத்தமும் அவ்வளவுதான். பரிசோதனை, மாதிரி, கிருமி, உலகளாவிய நீர்க் கொள்கை எல்லாவற்றையும் கையால் அபிநயம் பிடித்துக் காட்டினேன். கிருமிக்குப் பிடித்த அபிநயம் வெடிப்பதுபோல இருந்திருக்க வேண்டும். அவன் இரண்டடி பின்னால் போனான்.

"வத்துர நங், பீலா பென்னன்ன."

தண்ணீர் என்றால் குடித்துக் காட்டு. அவனுடைய தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. தண்ணீர் என்றால் குடிக்கலாம், குடிக்க முடியாதென்றால் அது தண்ணீர் இல்லை. குடிக்கக் கூடாத தண்ணீர் என்று ஒன்று உண்டு என்பதை நிரூபிக்கத்தான் ஒரு வங்கியே விமானம் ஏறி வரவிருந்தது. அதைச் சாவடியில் நின்று விளக்கினால் எங்கே கொண்டுபோவார்கள் என்று எனக்குத் தெரியும். முத்திரையை உடைத்து ஏ போத்தலில் ஒரு மிடறு குடித்தேன்.

அவன் பி போத்தலைக் காட்டினான். குடித்தேன்.

சி போத்தலை அவன் காட்டவில்லை. நானாகவே எடுத்துக் குடித்தேன். (ஏனென்று என்னைக் கேட்காதீர்கள். வரிசையில் ஒன்றை விடக்கூடாது என்று நினைத்தேன் போல.)

"ஹரி மல்லி, யன்ன" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டான். சரி தம்பி, போ.

ஆய்வுகூடத்துக்குப் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தேன். வரவேற்பு மேசையிலிருந்த பிள்ளை போத்தல்களைத் தூக்கிப் பார்த்தாள்.

"சீல் உடைஞ்சிருக்கே அண்ணா. ஆரும் வாய் வச்சதா?"

"ஓம். நான்தான்."

"மூண்டிலயுமா?"

"ஓம்."

போத்தல்களை மேசையில் வைத்தாள். "ஏனண்ணா, அவ்வளவு விடாயா?" என்றாள். மாதிரிகளை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அன்றே நஸீர் சேரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் கேட்டபோதெல்லாம் "ரிப்போர்ட் வெள்ளி காலமை வரும் சேர்" என்றேன். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. செவ்வாய் இரவே வயிறு பேசத் தொடங்கிவிட்டது. புதன்கிழமை நான் குளியலறையில் குடியிருந்தேன். அங்கே குந்தியிருந்தபோதுதான் "சம்பவங்கள்: 1" என்ற கட்டம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மூன்று மிடறு குடித்த தடிமாடு எனக்கே இந்தப் பாடு. அந்தச் சின்னப்பிள்ளை ஒரு கிழமை எப்படித் தாங்கியது? தாய் நீட்டிய தேநீருக்கு நான் பாடம் எடுத்தேனே. அழுகை வந்தது. அழுதேன். அக்கா வெளியே நின்று, "அவ்வளவு நோவா தம்பி?" என்று கேட்டா.

டொக்டர் மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வியாழன் காலை அக்காவின் கணவர், என் அத்தான், அந்த மற்றச் சின்னப் போத்தலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். (அதே ஆய்வுகூடம். இந்த முறை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்களாம்.) அத்தான் உதவி என்றால் தலைகீழாக நிற்பவர். நான் தொலைபேசியில் நஸீர் சேரிடம் "லாப் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை கட்டாயம் தருவன் சேர்" என்று கெஞ்சுவதைக் கேட்டிருக்கிறார். பொடியன் இரண்டு நாள் லீவு எடுத்ததற்கு ஒபிஸ் ரிப்போர்ட் கேட்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

வெள்ளி காலை எப்படியோ அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவதென்ற முடிவோடுதான் போனேன். ஆனால் கூட்டம் தொடங்கியவுடனே எழுந்து ஓட வேண்டியதாயிற்று. நான் உள்ளே இருந்த நேரத்தில் அத்தான் த்ரீவீலரில் வந்து, "தம்பியின்ர லாப் ரிப்போர்ட் சேர்" என்று கடித உறையை நஸீர் சேரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சேர் உறையைக்கூடப் பிரிக்காமல், பெருமையோடு குழுத் தலைவியிடம் நீட்டியிருக்கிறார். அவர் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி. எதையும் இரண்டு தரம் வாசிப்பவர்.

நான் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"தோற்றம்: தளர்வானது என்று போட்டிருக்கிறதே. கிணற்று நீரில் இதற்கு என்ன பொருள்?"

"மழைக் காலத்தில் அப்படித்தான்" என்றார் நஸீர் சேர், ஒரு நொடியும் தாமதிக்காமல்.

"வயது, இருபத்துநான்கு?"

"கிணறு வெட்டி அவ்வளவு வருஷம் ஆகியிருக்கும்."

"பால், ஆண்?"

நஸீர் சேர் வாயைத் திறந்தார். முதன்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. தாளை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "யா அல்லாஹ். இதில உன்ட பேரெல்லவா ஈக்கிது!"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், சாவடி, ஏ, பி, சி, ஆய்வுகூடப் பிள்ளை, மறைத்தது, எல்லாம்.

"மூன்றிலும் குடித்தீர்களா?" என்று கேட்டார் குழுத் தலைவி.

"ஓம். வரிசைப்படி."

"அப்படியானால் எந்தக் கிணறு என்று சொல்ல முடியாது."

"முடியாது மேடம். ஆனா நான் குடிச்சது மூண்டு மிடறு. அவங்கள் ஒவ்வொரு நாளும் குடிக்கிறாங்கள். படிவத்தில 'சம்பவங்கள்: 1' எண்டு நான் எழுதினது ஒரு சின்னப் பிள்ளை. நான் செய்த பிழைக்கு அந்த ஒழுங்கையை வெட்டிப் போடாதேங்கோ."

இதில் பாதியைத் தமிழிலேயே சொல்லியிருக்கிறேன். நஸீர் சேர் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தார். அதோடு என் வயிறு மறுபடி அழைத்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினேன். நான் திரும்பி வரும்போது முடிவாகியிருந்தது. அந்த ஒழுங்கைக்கு ஒரு கிழமை தவணை. புது அறிக்கை வரும்வரை கையில் உள்ளதை இணைப்பாகக் கோர்த்துவைக்கச் சொன்னாராம்.

அடுத்த திங்கள் நஸீர் சேரே காரைக் கொண்டுவந்தார். சாவடியில் காட்டுவதற்கு ஆய்வுகூடத்தின் கடிதம் மூன்று மொழியிலும் கையில் இருந்தது. நான் காரை விட்டு இறங்குவதற்குள் சேர் கதை முழுவதையும் ஒழுங்கைக்குச் சொல்லிவிட்டார். சரோஜா அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நாங்க குடுத்த டீய வேணாம்னுட்டு, எங்க கெணத்துத் தண்ணிய ரோட்டுல நின்னு குடிச்சீங்களாமே தம்பி?"

"ஓமக்கா."

"மூணு கெணத்துலயும்?"

"ஓமக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஒழுங்கை முழுவதும் சிரித்தது. அவருடைய சின்ன மகள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சரோஜா அக்கா பிளேன்டீ கொண்டு வந்தார். குடித்தேன். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மூன்று கிணறுமே மோசம் என்று அறிக்கை வந்தது. ஒழுங்கை பட்டியலில் ஏறியது. பிறகு குழாயும் வந்தது. என் மலப் பரிசோதனை அறிக்கையை மட்டும் கோப்பிலிருந்து கழற்ற எல்லோரும் மறந்துவிட்டார்கள். அது "இணைப்பு ஏழு" என்ற பெயரில், பக்க எண்ணோடு, கடல் கடந்த ஒரு தலைமையகத்தில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கூட்டத்தில் இளம் அதிகாரி ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்கள்தானா அந்த இணைப்பு ஏழு?" என்று கேட்டார். வீட்டில் என் மகளின் தொலைபேசியில் என் பெயரும் அதுதான். அத்தான் மட்டும் இன்றுவரை, தான் நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபடியால்தான் எனக்கு லீவுச் சம்பளம் வெட்டவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

இப்போதும் ஏதாவது ஒரு நாட்டுக்குத் தண்ணீர் பார்க்கப் புறப்படும்போது, மனைவி வாசலில் நின்று ஒன்றை மட்டும்தான் சொல்லுவா: "அங்க ஆராவது குடிச்சுக் காட்டச் சொன்னா, தயவுசெய்து காட்டாதேங்கோ."

"ஓம் ஓம்" என்பேன். பிறகு அந்த நாட்டின் ஏதோ ஓர் ஒழுங்கையில் யாரோ ஒரு பெண் ஆவி பறக்கும் கிளாஸை நீட்டுவாள். பக்கத்தில் நிற்கும் புதுப் பொறியியலாளர், குடிக்கலாமா என்று கண்ணால் கேட்பார். நான் குடித்துக் காட்டுவேன்.