கோணல் செடிக்காரர்

கோணல் செடிக்காரர் என்று மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. நீங்கள் தேடிப் போக வேண்டாம், அவரே உங்களைப் பிடித்துக்கொள்வார். கேட்டைத் திறந்ததும் செருப்பைக் கழற்றவிடாமல், பையை இறக்கவிடாமல், தண்ணீர் கேட்க வாயெடுப்பதற்குள் தோளைப் பிடித்துத் திருப்பி, கிளையெல்லாம் ஸ்க்ரூ மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு குத்துச்செடி முன்னால் நிறுத்திவிடுவார். சொல்லிக்கொள்ளும்படி பூ கிடையாது. பாதி வருஷம் இலையும் கிடையாது. இலை இல்லாதபோதுதான் அழகே என்பார். என்ன செய்வீர்கள்? தலையாட்டுவீர்கள்.

நம் ஆளுக்கு வேலை, கட்டட வரைபடம் போடும் ஆபீசில். கோடு மயிரிழை சாய்ந்தாலும் தாளைத் திருப்பியனுப்பிவிடுவார். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் சாப்பாடு இறங்காது. மகள் முதுகை வளைத்து உட்கார்ந்தால் அரை மணி நேரச் சொற்பொழிவு. அப்பேர்ப்பட்டவர் இந்த ஒரு செடியிடம் மட்டும் அசடு வழிந்தார்.

வாங்கிய அன்றே நர்சரிக்காரர் ஏதோ சொல்ல வந்தார். இவர் விட்டால்தானே? செடியை விற்றவருக்கே செடியைப் பற்றி முக்கால் மணி நேரம் விளக்கிவிட்டு வந்தார். மனைவிதான் காதில் வாங்கிக்கொண்டார். இது ஒட்டுச்செடி, வேர் வேறொரு சாதாரணச் செடியுடையது, ஒட்டுக்குக் கீழேயிருந்து நேராகக் கிளம்பும் தளிர்களை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும்.

தளிர் கிளம்பியது. மனைவி கத்தரியோடு வந்தார். இவர் குறுக்கே நின்றார்.

"சின்னக் குழந்தைம்மா அது. வளர்ந்தா தானா முறுக்கிக்கும்."

அதோடு விட்டாரா? உரம் வேறு வைத்தார். என்றாவது ஒரு விடுமுறைக்கு மைத்துனர் வருவார் அல்லவா? மைத்துனர் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து நம் ஆளுக்கு ஒரே வயிற்றெரிச்சல். அவர் வாயால் ஒரு 'பிரமாதம்' வாங்கிவிட வேண்டும். அதற்கு இந்தச் செடியைத்தான் மலைபோல் நம்பியிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து மைத்துனர் வந்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு கம்புகள் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் விறைப்பாக ஆளுயரத்துக்கு நின்றன. முறுக்குக் கிளைகள் அடியில் எங்கேயோ காய்ந்துகொண்டிருந்தன. மைத்துனர் செடியை ஒரு சுற்று சுற்றி வந்தார். மனதாரச் சொன்னார்:

"பிரமாதம் அத்தான். கோணல்மாணலா இருக்கும்னு அக்கா சொல்லுச்சு. எப்படியோ நிமிர்த்திட்டீங்களே."

கேட்ட 'பிரமாதம்' கிடைத்துவிட்டது. நம் ஆள் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம கைக்கு வந்தால் எதுவும் நேராகிவிடும் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டார். விருந்தாளியின் வண்டி தெருமுனை திரும்பியதும் மனைவியிடம் கத்தரி கேட்டார். அவர் அதை ஏற்கெனவே துடைத்து எடுத்து வைத்திருந்தார், அதுதான் இவருக்கு ரொம்ப வலித்தது. வெட்டி முடித்தபோது மூன்றே மூன்று கோணல் கிளைகள் மிச்சம்.

இதுவரை எழுதி மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"யாரோ ஒருத்தர் மாதிரி எழுதியிருக்கீங்க," என்றாள்.

சரி, ஒப்புக்கொள்கிறேன், நான்தான். நீங்கள் சிரிக்கலாம். ஆனால் உங்கள் வீட்டிலும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதற்கென்று ஒன்று இருக்குமே, மீன்தொட்டியோ, புது அலமாரியோ, பிள்ளை வாங்கிய கோப்பையோ? கடைசியாக வந்தவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் செருப்பைக் கழற்றியிருந்தாரா?