சமதரையில் நிற்காத வண்டி

இலஞ்சி,
செவ்வாய்க்கிழமை.

அன்பிற்குரிய மாப்பிள்ளை மாரிராஜ் அவர்களுக்கு,

அத்தான் சிவனணைந்தபெருமாள் எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகமில்லை. நீங்களும் இசக்கிசெல்வியும் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள். என் மனைவிதானே உங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள். பதினெட்டு நாளாக உங்கள் போனுக்கு அடிக்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. முப்பத்துநாலு வருடம் காவல்துறையில் இருந்து, அதில் பாதியை ஸ்டேஷன் ரைட்டராகக் கழித்தவன் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுத்தில் தருகிறேன். படித்துவிட்டு உங்கள் அக்காவை அனுப்பிவைக்கவும்.

சம்பவத்துக்குக் காரணமான மேற்படி கார் தொண்ணூற்றெட்டாம் வருடத்து மாடல், டீசல், கையால் கியர் போடும் வண்டி. வடகரையில் ஒரு தேங்காய் வியாபாரியிடம் வாங்கினேன். அவர் அதை வாய்க்கால் மேட்டில் சரிவாக நிறுத்தியிருந்தார். “ஏன் மேட்டுல நிப்பாட்டியிருக்கீரு?” என்று கேட்டேன். “கீழ மழைத்தண்ணி கெட்டும்லா அண்ணாச்சி” என்றார். எத்தனையோ திருடர்களை முகத்தைப் பார்த்தே பிடித்தவன், டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைப் பார்த்தும் சந்தேகப்படவில்லை. கல்லை எடுத்தார், வண்டி உருண்டது, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டார், என்ஜின் கம்பீரமாகப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பியபோதுதான் வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் செத்துப்போன விஷயம் தெரிந்தது. தென்காசி மெக்கானிக் கௌரிசங்கர் வந்து பார்த்தான். “பார்ட்ஸ் சொல்லி விட்டிருக்கேன் அண்ணாச்சி, அடுத்த வாரம் வந்துரும். அதுவரைக்கும் இறக்கத்துலயே நிப்பாட்டுங்க” என்றான். அவன் சொல்லி ஏழு மாதம் ஆகிறது.

அன்று முதல் எங்கள் போக்குவரத்து நிலத்தின் வாட்டப்படி மாறியது. மேட்டில் வீடு கட்டியவர்களை வாரம் தவறாமல் போய்ப் பார்த்தோம். குற்றாலம் ரோட்டில் இருக்கும் ரெபேக்காள் டீச்சரோடு எனக்குப் பெரிய பழக்கம் கிடையாது. வாசலில் நல்ல இறக்கம் இருக்கிறதே என்று ஒன்பது தடவை நலம் விசாரித்துவிட்டேன். சமதரையில் இருக்கும் உங்கள் சங்கரேஸ்வரி சித்தி வீட்டில் சித்தப்பா தவறியபோது, என்ஜினை ஓடவிட்டபடியே ஓடிப்போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். வாசலில் அழுதுகொண்டிருந்த பெண்கள் புகை தாங்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். பிறகு என் வீட்டு முன்னால் நாலு லோடு சரல் மண் அடித்து நானே ஒரு மேடு போட்டேன். சீசன் பிறந்து சாரல் கொட்டியதும் மேட்டுத் தண்ணீர் முழுக்க அடுப்படிக்குள் இறங்கியது. அதையும் உங்கள் அக்காதான் வாளியால் இறைத்து ஊற்றினாள். இறக்கம் போதாத இடங்களில் அவள் பின்னாலிருந்து லேசாகக் கை கொடுப்பாள். லேசாகத்தான்.

இனி சம்பவம். உங்கள் புது வீட்டுப் பால்காய்ப்பு, காலை ஆறு மணி முகூர்த்தம். உடன்பிறந்தவள் கையால்தான் பால் பொங்க வேண்டும் என்று நீங்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டுப் போனதிலிருந்து உங்கள் அக்கா வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பித்தளைப் பானையைப் புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பில் பானை பாதியாகியிருக்கும். வீரகேரளம்புதூர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே கால். உங்கள் தெருவோ கேரம் போர்டு மாதிரி இருக்கிறது. வண்டியை அணைத்தால் திரும்பக் கிளம்பாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் தானாக அணைந்துவிடும் என்ற புது வியாதியும் அந்த வாரம்தான் வந்திருந்தது. “வடிவு, நீ இங்கன உக்காந்து லேசா மிதிச்சுக்கிட்டே இரு. தள்ளுததுக்கு நாலு ஆளைச் சொல்லிட்டு ரெண்டே நிமிசத்துல வந்துருதேன்” என்றேன். “பால் காய்க்கணும், மறந்துராதிய” என்றாள்.

இங்கே உங்கள் பங்கையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வாசலில் கால் வைத்ததும் என் கையைப் பிடித்து ஒரு அறை விடாமல் சுற்றிக் காட்டியது நீங்கள்தானே? பாதியில் திரும்பினால் குறை சொல்ல மாட்டீர்களா? பாத்ரூம் டைல்ஸுக்கு மூன்று தடவை ‘அருமை’ சொன்னேன். மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன். “அக்கா எங்க அத்தான்?” என்று கேட்டீர்கள். “வந்துக்கிட்டே இருக்கா” என்றேன். என்ஜின் ஓடிக்கொண்டுதானே இருந்தது! அதற்குள் கீழே ஐயர் நேரம் போகிறது என்று விரட்ட, இசக்கிசெல்வி பாலை அடுப்பில் ஏற்றிவிட்டாள். பொங்கியதும் பெண்கள் குலவை போட்டார்கள். அது தெரு வரைக்கும் கேட்டது. அப்போதுதான் உங்கள் அக்கா காலை எடுத்தாள். வண்டி நின்றது. வெறும் பானையோடு உள்ளே வந்தவள் என்னைப் பார்க்கவே இல்லை. உங்களிடம், “தம்பி, எனக்கு இங்கன ஒரு பாய் போடு” என்றாள். விருந்தாளிகள் ஆறு பேர் தள்ளிவிட, நான் மட்டும் ஊர் வந்து சேர்ந்தேன்.

மாப்பிள்ளை, குற்றம் என்னுடையதுதான். அந்தப் பால் அவள் கையால் பொங்கியிருக்க வேண்டியது. அந்தக் குலவையை அவள் காருக்குள் உட்கார்ந்து கேட்டாள் என்று நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது. பதினெட்டு நாளும் உப்புமாதான். நன்றாக இல்லை என்று சொல்லக்கூட ஆள் இல்லை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஆகவே மேற்படி வாகனத்தை விற்க முடிவு செய்துவிட்டேன். செங்கோட்டை மகாதேவன் நாளைக் காலை வந்து எடுத்துப்போகிறார். இனி என் வாசலில் டீசல் வாடையே இருக்காது. இலஞ்சி முருகன் மேல் சத்தியம். அக்காவை பஸ் ஏற்றி விடவும். தென்காசி பஸ் ஸ்டாண்டில் குடையோடு நிற்பேன்.

இசக்கிசெல்வியை விசாரித்ததாகச் சொல்லவும். மகள் ஸ்வாதிக்கு என் ஆசீர்வாதம். உங்கள் மாடித் தொட்டி என்றும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
குற்றத்தை ஒப்புக்கொண்ட அத்தான்,
சிவனணைந்தபெருமாள்.

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை மகாதேவன் வந்து வண்டியை மேட்டிலிருந்து உருட்டி உறுமவிட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் அக்கா போன் செய்தாள். “யாரு அது, அதைப் போட்டு அந்த மிதி மிதிக்குதான்?” என்றாள். விற்கிறேன் என்றேன். “யாரைக் கேட்டு விக்குதிய? முக்கால் மணி நேரம் மிதிச்சிருக்கேன். எம்புட்டு குடுத்தா ஓடும், எம்புட்டு குடுத்தா இருமும்னு எனக்குத்தான் தெரியும். ஏழு மாசமா தள்ளுனதும் நாந்தான். வெள்ளிக்கிழமை அதுலயே வாங்க. எந்தம்பி வீட்டுல எங்கையால பால் காய்ச்சிட்டு, டிரைவர் சீட்டுல நான் உக்காருவேன். நீங்க தள்ளுங்க” என்றாள். லைசென்ஸ் இல்லையே என்றேன். “தள்ளும்போது லைசென்ஸ் கேட்டியளா?” என்றாள். மகாதேவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். முருகனிடம் நேரில் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

நீங்கள் இன்னும் போனை எடுக்காததால் இதை எழுத்தில் தெரிவிக்கிறேன்: உங்கள் தெரு சமதரை, எனக்கு மூட்டுவலி, வெள்ளிக்கிழமை விருந்தாளிகளும் இருக்க மாட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் தயாராக நிற்கவும்.