பிரித்துப் பார்ப்பவரின் மோட்டார் சைக்கிள்

பிரித்துப் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் இரண்டொருவரைத் தெரிந்திருக்கும். கடிகாரம் நின்றுபோனால் நீங்களும் நானும் பேட்டரியை மாற்றுவோம். அவர் அதைக் கவிழ்த்துப் போட்டு முதுகைத் திறப்பார். ரேடியோ கரகரத்தால் நாம் தலையில் ஒரு தட்டுத் தட்டுவோம், அது பயந்துகொண்டு பாடும். அவர் துண்டை விரித்து அதைப் படுக்கவைத்து, குடலை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக ஊதி, வெயிலில் காயப்போடுவார். கேட்டால் ஒரே பதில்தான்: "பிரிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்." என்ன தெரியும்? யாருக்குத் தெரியும்? அதையெல்லாம் கேட்கக் கூடாது. பிரிப்பது அவர் வேலை. தெரிவதும் தெரியாததும் அந்தச் சாமானின் இஷ்டம்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தால் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியின் காலை ஆட்டிப் பார்ப்பார். நீங்கள் தண்ணீர் கொண்டுவருவதற்குள் கதவின் கீலைத் தடவி, "எண்ணெய் போடறதே இல்லையோ?" என்று உங்கள் வளர்ப்பின் மேலேயே சந்தேகப்படுவார். மற்றவர்கள் பேனா குத்தியிருக்கும் இடத்தில் இவர் ஸ்க்ரூ டிரைவர் குத்தியிருப்பார்.

நான் சொல்லவந்தவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். கண்ணுக்கே அகப்படாத ஸ்க்ரூவை இரண்டு விரலால் பிடித்துக் கண்ணாடிக் காலில் பொருத்திவிடுகிற கை. அந்தக் கைக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எறும்புக்கு லாடம் அடிக்கிறவன் யானைக்கு அடிக்கமாட்டானா என்கிற கர்வம். யானை உதைக்கும் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

யானை மாடிப்படிக்கு அடியில் நின்றது. அவருடைய மாமனார் ஓட்டிய மோட்டார் சைக்கிள். மாமனார் காலமானபின் அதை ஒருவரும் தொடவில்லை. டயர்கள் தரையோடு தரையாகச் சப்பையாகக் கிடந்தன. சீட்டுக்குள்ளிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. ஹேண்டில்பாரில் யாரோ பழைய மிதியடியை உலர்த்தப்போட்டு மறந்திருந்தார்கள். குடியிருப்பில் இருந்தவர்களுக்கு அது சுவரின் ஒரு பகுதி.

அப்படியே இருந்திருக்கும். அவருடைய மனைவிக்கு வேலை நேரம் மாறியதுதான் வினை. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். இனிமேல் விடிந்ததும் விடியாததுமாக ஊசியோடு உட்கார வேண்டும் என்றார்கள். முதல் பஸ் கிளம்புவதே அதற்குப் பிறகுதான். தினம் ஆட்டோ என்றால் சம்பளத்தை ஆட்டோக்காரரிடமே நேராகக் கொடுக்கச் சொல்லிவிடலாம். புது வண்டியா? அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் எல்லாரும் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

"அப்பா வண்டி சும்மாதானே நிக்குது," என்றாள் அவள். "ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து காட்டினா என்ன?"

"மெக்கானிக் எதுக்கு? வந்தான்னா இல்லாத நோயெல்லாம் சொல்லுவான். காசுக்குப் பிடிச்ச கேடு. நானே பிரிச்சுப் பார்க்கறேன்."

காசு என்ற சொல் விழுந்தால் அந்த வீட்டில் மேல்பேச்சுக் கிடையாது. அவளுடைய தம்பி மட்டும் சொல்லிப் பார்த்தான்.

"பேசாம எடைக்குப் போட்டுடலாம் மாமா."

"உங்க அப்பா வண்டிப்பா அது."

"அப்பாவே கடைசில பஸ்லதான் போனாரு."

அன்றைக்கு ஆரம்பித்தது. ஓடாத வண்டி ஒரே இடத்தில் நிற்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? தவறு. ஓடாத வண்டிதான் வீடு முழுக்க ஓடும். கார்புரேட்டர் அடுக்களைக்குள் நுழைந்து சாப்பாட்டு டப்பாவில் குடியேறியது. செயின் குளியலறை வாளியில் மண்ணெண்ணெய்க்குள் பாம்பு மாதிரி சுருண்டு படுத்தது. பிளக் மாமனாரின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் அலங்காரமாக நின்றது. கட்டிலுக்கடியில் சைலன்சர், பீரோவுக்கு மேலே மட்கார்டு, சோப்புப் பெட்டியில் நட்டு, சோப்பு எங்கே என்று கேட்டால் அது வேறு எங்கோ. தலையணை உறைகூடப் பெட்ரோல் வாசம் அடித்தது. அவள் சாப்பாட்டு டப்பாவுக்குப் பதில் பழைய டப்பா ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஆட்டோவில்தான்.

புதுச் சாமான் வாங்கக் கையில் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய உதிரிபாகக் கடைகளுக்குள் புகுந்து புறப்பட்டார். செத்துப்போன வண்டிகளின் எலும்பெல்லாம் குவிந்துகிடக்கும் கடைகள். இவருடைய வண்டிக்குச் சேருகிற சாமானைத் தவிர மற்ற எல்லாம் கிடைத்தது. "கொஞ்சம் ராவினா சேர்ந்துடும்," என்றார் கடைக்காரர். பிரித்துப் பார்ப்பவரிடம் இதைவிட இனிப்பான வார்த்தை சொல்ல முடியுமா? வாங்கிவந்து அரத்தைப் போட்டு ராவினார். பிரேக் லீவர் ஒரு வண்டியிலிருந்து வந்தது, ஹாரன் இன்னொன்றிலிருந்து, கண்ணாடி ஒரு ஸ்கூட்டரிலிருந்து. மாமனாரின் வண்டி மெல்ல மெல்லக் கூட்டுக் குடும்பமாகிக்கொண்டு வந்தது. எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை.

டேங்கின் உள்ளே துரு. அதற்கு ஒரு வழி கேள்விப்பட்டு வந்தார். டேங்குக்குள் ஒரு பிடி நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் போட்டு, வாயை அடைத்து, போர்வையில் கட்டி, ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் மச்சினனுமாகப் பிடித்துக்கொண்டு தொட்டில் மாதிரி ஆட்டவேண்டியது. கலகலவென்று சத்தம். மேல்மாடி அம்மாள் படியிறங்கி வந்தவர் நின்று பார்த்தார்.

"இன்னும் தூங்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரேக்குக்கு இன்னும் கட்டை வாங்கவில்லை. பின் சக்கரத்தில் பாதிக் கம்பிகள் ஆடிக்கொண்டிருந்தன. ஆனால் ஹெட்லைட் கண்ணாடியை மட்டும் தன் கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி மெருகுப் பொடியைப் போட்டு மாலைதோறும் தேய்த்தார். கீறல் ஒவ்வொன்றாக மறைந்தது. முகம் பார்த்துத் தலை வாரலாம் போல ஆயிற்று. தெரிந்த வேலையைச் செய்வதில் ஒரு சுகம். வேண்டிய வேலை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அது காத்திருக்கும், பாவம்.

மச்சினன் ஒரு நாள் எடைக்காரரிடம் பேசிவிட்டே வந்தான். மாதம் முடிவதற்குள் உயிர் வராவிட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவது என்று அக்காளும் தலையாட்டிவிட்டாள். அதற்கப்புறம்தான் நம்மவர் ஹெட்லைட்டை விட்டார். கட்டை வந்தது, கம்பிகள் இறுகின, எல்லா உறுப்புகளும் அறைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் படியிறங்கி மாடிப்படிக்கடியில் ஒன்று கூடின. மாதக் கடைசி ஞாயிறு காலையில் பெட்ரோல் ஊற்றிவிட்டுக் கிக்கரை உதைத்தார்.

ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தார். வண்டி இருமக்கூட இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு உதைத்தார். ஒரு தடவை கிக்கர் திருப்பி அடித்ததில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"மறுபடி பிரிச்சுடறேன்," என்றார்.

துணி உலர்த்தப் போய்க்கொண்டிருந்த மனைவி வாளியைக் கீழே வைத்தாள். குனிந்தாள். டேங்குக்கு அடியில் இருந்த சின்னத் திருகைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினாள். பெட்ரோல் இறங்குகிற குழாய்.

"அப்பா முதல்ல இதைத்தான் திருப்புவாரு."

"அதைத்தான் அடுத்துத் திருப்பலாம்னு இருந்தேன்," என்றார் அவர்.

அடுத்த உதைக்கு வண்டி கிளம்பியது. நீலப் புகை மாடிப்படி முழுக்க ஏறி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியது. ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்கள். அவள் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதிர்ந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் அந்த டேங்கின் மேல்தான் அவள் உட்கார்ந்து போவாள். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். மச்சினன் எடைக்காரருக்குப் போன் பண்ணி வேறு ஏதோ பேசினான்.

இதோடு கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். மற்றவர்களுக்கு இது சுபம். பிரித்துப் பார்ப்பவருக்குத் துன்பம் இங்கேதான் ஆரம்பம்.

தினமும் விடியற்காலையில் அவளைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரியில் விட்டார். வண்டி போயிற்று. அடுத்த நாளும் போயிற்று. உதைத்தால் கிளம்பியது, பிடித்தால் நின்றது. இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு மனிதன் என்னதான் செய்வது? சாயங்காலம் மாடிப்படிக்கடியில் போய் நிற்பார். ஒரு துணியால் துடைப்பார். துடைக்க ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து டிவி ரிமோட்டின் பின்மூடியைத் திறந்து மூடுவார். உடம்பு இளைத்துவிட்டதோ என்றுகூட மேல்மாடி அம்மாள் விசாரித்தார்.

கடைசியில் ஒரு நாள் அவர் காது அவரைக் கைவிடவில்லை.

"டிக்னு ஒரு சத்தம் கேட்டுச்சா?"

"இல்லையே," என்றாள்.

"நல்லாக் கேளு. எஞ்சினுக்குள்ள."

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க. நல்லாத்தானே போகுது?"

நன்றாகப் போகிறது! ஒரு பிரித்துப் பார்ப்பவரிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? ஞாயிறு அவள் தம்பி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து எஞ்சினைத் திறந்தார். அரை மணியில் மூடிவிடலாம் என்றுதான் திறந்தார். எல்லாரும் அப்படித்தான் திறப்பது.

மறுநாள் விடியற்காலையில் அவள் கைப்பையோடு இறங்கி வந்தபோது வண்டி செய்தித்தாள் மேல் வரிசையாகப் படுத்திருந்தது.

அவள் தெருவுக்கு ஓடினாள். ஆட்டோ இல்லை. பாதித் தூரம் நடந்து, ஒரு பால் வண்டிக்காரரிடம் கெஞ்சி ஏறி, அவள் போய்ச் சேர்ந்தபோது வரிசை வாசல் தாண்டியிருந்தது. ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். நேற்று ராத்திரி சாப்பிட்டதோடு சரி. கோபத்துக்குக் கேட்கவேண்டுமா? சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் நிற்கமுடியாமல் சுவரோரம் சரிந்து விழுந்துவிட்டார். நல்லவேளை, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்தார். கண் திறந்ததும் அவளைத்தான் பார்த்தார்.

"ஏம்மா லேட்டு?" என்று கேட்டார். திட்டாமல்தான் கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் இதை அப்படியே கணவரிடம் சொன்னாள். குரல் உயரவில்லை. சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். அவர் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தித்தாள் மேல் கிடந்தவை அன்றைக்குத்தான் அவர் கண்ணுக்கு வெறும் இரும்பாகத் தெரிந்தன. எழுந்து போனார். எதையும் ஊதாமல், எதையும் முகர்ந்து பார்க்காமல், எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்து முடுக்கினார். அன்று அவர் காதுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் சொன்னாள்: "எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க."

காலி மைதானத்தில் கற்றுக்கொண்டாள். இரண்டு தடவை விழுந்தாள், மூன்றாவது தடவை மைதானத்தைச் சுற்றிவந்தாள். சாவி அவள் கைப்பைக்குப் போய்விட்டது. பரீட்சை எழுதி உரிமமும் வாங்கினாள். இப்போதெல்லாம் காலையில் அவள் ஓட்டுகிறாள். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தாலும் அவரும் பின்னால் ஏறிக்கொள்கிறார். வண்டிமேல் உள்ள பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் திருப்பத்தில் அவர் அவள் தோளைத் தட்டினார்.

"கொஞ்சம் நிறுத்து. பின் சக்கரத்துல ஏதோ உரசுது."

"ஆமா, மூணு நாளா உரசுது."

"உனக்கும் கேக்குதா? அப்ப ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா வண்டி நின்னுடுமே," என்றாள் அவள், வேகத்தைக் குறைக்காமல். "சனிக்கிழமை மெக்கானிக்கிட்ட சொல்லியிருக்கேன்."

ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் அவர் இறங்கி, அவள் உள்ளே போகிறவரை நின்றார். பிறகு நிறுத்தியிருந்த வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பின் சக்கரத்தையே கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. காவல்காரர் இரண்டு தடவை வந்து, "யாரைப் பார்க்கணும்?" என்று விசாரித்தாராம்.

பாவம், அவரைச் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. இருக்கட்டும். இவ்வளவு நேரம் இதை வாசித்துக்கொண்டிருந்தீர்களே, உங்கள் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியில் லேசாக ஒரு கிறீச் சத்தம் கேட்கவில்லை? இதற்குமுன் கேட்டதில்லை, இல்லையா? நிமிர்ந்து பார்க்கிறீர்கள். சரி, பாருங்கள். ஸ்டூல் எந்த அறையில் இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். அதைத்தான் வேண்டாம் என்கிறேன். வெயில் காலம். வீட்டில் மற்றவர்களும் தூங்கவேண்டும்.